புள்ளி வைத்த ரோஜா

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஆபீஸ் போகிற நமக்கு ஜலதோஷம்; மொட்டை மாடி ரோஜாவுக்குக் கரும்புள்ளி. இலையில் பிசிறடித்த ஓரத்தோடு கறுப்பு வட்டம் விழும், சுற்றிலும் மஞ்சளாகும், அப்புறம் இலை கொட்டிச் செடி திருப்பதி போய் வந்த மாதிரி நிற்கும். டிப்ளோகார்ப்பன் ரோசே என்கிற பூஞ்சாணத்தின் கைங்கரியம்.

எங்கள் தொட்டியில் இருப்பது பன்னீர் ரோஜா. என் சகதர்மிணி தன் அம்மா வீட்டிலிருந்து குச்சியாகக் கொண்டுவந்து வைத்தது. மாமியார் போய் மூன்று வருஷமாச்சு. நர்சரிக்காரர், "பிடுங்கிப் போட்டுட்டு வேற வாங்கிக்குங்க சார், முப்பது ரூபாதான்" என்றார். அவள் பதிலே பேசவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது.

பி.காம். பாஷையில் சொல்கிறேன். புள்ளி விழுந்த இலை வாராக்கடன். எந்த மருந்தடித்தாலும் திரும்பாது. கிள்ளி எறியுங்கள். உதிர்ந்ததையும் பொறுக்கிக் குப்பையில் போடுங்கள். எருவாகட்டும் என்று தொட்டியிலேயே விட்டால் பூஞ்சாணம் அங்கேயே குடித்தனம் நடத்தும். மருந்து காப்பாற்றுவது மிச்சமிருக்கிற பச்சை இலைகளைத்தான்.

அடுத்தது ஈரம். இலை ஏழு மணி நேரம் போல நனைந்தே கிடந்தால் பூஞ்சாண வித்து முளைத்துவிடும். ஆபீஸ் விட்டு வந்து ராத்திரி செடிக்குத் தலைமுழுக்காட்டுகிற அன்பர்களே, தயவுசெய்து வேண்டாம்! காலையில், வேருக்கு மட்டும் ஊற்றுங்கள். தொட்டிகளைத் தள்ளித் தள்ளி வையுங்கள், காற்று போகட்டும்.

மருந்து, போர்டோ கலவை. பிரான்ஸில் திராட்சைத் தோட்டக்காரர்கள், வழியில் போகிறவர்கள் பறிக்காமலிருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து அடித்து வைத்தார்கள். அந்தக் கொடிகளுக்கு மட்டும் நோய் வரவில்லை! பேராசிரியர் மில்லார்டே அதைக் கவனித்து, சோதித்து, 1885-ல் உலகத்துக்குச் சொன்னார்.

நமக்கு ஒரு லிட்டர் போதும். பிளாஸ்டிக் வாளியில் 10 கிராம் சுண்ணாம்பை அரை லிட்டர் தண்ணீரில் கரையுங்கள். 10 கிராம் மயில்துத்தத்தை இன்னொரு அரை லிட்டரில் கரைத்து அதில் ஊற்றிக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஏறினால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு. மழை விட்ட நாளில், கலக்கிய அன்றே அடித்துவிடுங்கள். துத்தம் விஷம், கையுறை அவசியம், குழந்தைகளுக்கு எட்டவே கூடாது.

இப்போது எங்கள் தொட்டியில் பதினோரு புது இலை. தினம் எண்ணுவது அவள். ஆடிட் பண்ணுவது நான். இதுவரை கணக்கு இடிக்கவில்லை.