யாருடைய முப்பத்தைந்து?

என்னிடம் தமிழ் படித்த மாணவி ஒருத்தி நாளிதழ் ஒன்றில் செய்தியாளராக இருக்கிறாள். மணல் லாரி, பிரசவ வார்டு, சுடுகாட்டுப் பாதைத் தகராறு என்று அவள் கால் படாத இடம் குறைவு. சில வாரங்களுக்கு முன் தொலைபேசியில் அழைத்தாள். இளம் செய்தியாளர்களை வெளிநாட்டுக்கு அழைத்துப் பயிற்சி தரும் நல்கை ஒன்றின் விதிகளைப் படித்திருக்கிறாள்.

"25லேருந்து 35 வயசு வரைக்குமாம் அம்மா. எனக்கு 36 ஆயிருச்சு. அப்போ நான் எப்பத்தான் இளைஞியா இருந்தேன்?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அவள் கணக்கைப் பாருங்கள். 22இல் வேலை. 24இல் கல்யாணம். 26இல் ஒரு குழந்தை, 29இல் இன்னொன்று. சின்னவள் பள்ளிக்குப் போகத் தொடங்கியபின் 33இல் மறுபடி செய்தியறை. பழைய நாற்காலி கிடைக்கவில்லை. புதுமுகம்போல முதல்படியிலிருந்து ஏறினாள். நல்கைக்காரர்கள் இளமை என்று வரையறுக்கும் அதே பத்தாண்டைத்தான் நம் வீடுகள் பிள்ளை பெறும் வயது என்று எழுதிவைத்திருக்கின்றன.

இது ஒரு நிறுவனத்தின் தவறன்று. ஐ.நா. பொதுச் சபையைப் பற்றி எழுத வளரும் நாடுகளின் செய்தியாளர்களை நியூயார்க்குக்கு அழைக்கும் டாக் ஹாமர்ஷோல்ட் நிதியமும், அமெரிக்கச் செய்தியறைகளில் அமர்த்திப் பயிற்றுவிக்க 1983இல் தொடங்கப்பட்ட ஆல்ஃபிரட் ஃப்ரெண்ட்லி திட்டமும் 25 முதல் 35 வரை என்ற வரம்போடுதான் ஆள் தேடி வந்திருக்கின்றன. இவை நல்ல திட்டங்கள். நல்லவை என்பதால்தான் அவற்றின் வாசலில் நின்று சண்டை போடுகிறேன். ஊர் எல்லை தாண்டாத செய்தியாளருக்கு அங்கே வேறொரு மேசை கிடைக்கிறது, வேறு கேள்விகள் கிடைக்கின்றன. திரும்பி வருபவரை ஆசிரியர் வேறு கண்ணோடு பார்க்கிறார்.

"வரம்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுதானே?" என்பார்கள். ஒன்றுதான். 30 வயதில் அவனுக்குக் குழந்தை பிறந்தால் செய்தியறைக்கு இனிப்புப் பெட்டி வருகிறது. அவளுக்குப் பிறந்தால் அவள் நாற்காலி காலியாகிறது. ஒரே அளவுகோலை இருவர்மீதும் வைத்துவிட்டு அதற்குச் சமத்துவம் என்று பெயர் சூட்டுவது பழைய வித்தை.

வேறு வழியில்லை என்பதும் பொய். ஐரோப்பிய ஆராய்ச்சிக் கழகம் முனைவர் பட்டத்திற்குப் பின் இத்தனை ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும் என்று வரம்பு வைத்திருக்கிறது. கூடவே, தாய்மார்களுக்கு ஒவ்வொரு குழந்தைக்கும் 18 மாதம் கூட்டித் தருகிறது. அந்தக் கணக்கைக் கடன் வாங்கினால் என் மாணவிக்கு மூன்று ஆண்டு கூடும். 38 வரை அவள் இளைஞி. நம் ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையே, வேலையை இடையில் விட்ட பெண் விஞ்ஞானிகளுக்கென்று 27 முதல் 57 வயது வரை திறந்துவைத்த திட்டம் ஒன்றை நடத்தியிருக்கிறது. ஆய்வகத்துக்குப் புரிந்தது செய்தியறைக்கு ஏன் புரியவில்லை?

இதழியலிலேயே சான்று இருக்கிறது. ஹார்வர்டின் நீமன் நல்கை 1938இல் தொடங்கியது. 1945 வரை ஒரு பெண்ணுக்கும் அங்கே இடமில்லை. இன்று அது வயதைக் கேட்பதில்லை, ஐந்தாண்டுப் பணி அனுபவத்தைக் கேட்கிறது. குழந்தைப் பராமரிப்புச் செலவுக்கும் உதவுகிறது. வாசலை அகலப்படுத்தியதால் ஹார்வர்டின் கூரை இடிந்து விழவில்லை.

வெளிநாட்டை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பிக்க முடியாது. இத்தகைய நல்கைகள் கேட்பது முழுநேர வேலைக்கான சான்று, ஆசிரியரின் ஒப்புதல் கடிதம். செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதிநேர நிருபருக்கு அடையாள அட்டையே பெரும்பாடு; கடிதம் யார் தருவார்? கடிதம் கிடைத்தாலும் வீட்டில் இன்னொரு தேர்வு. மூன்று மாதம் அப்பா வெளிநாடு போனால் பெருமை. அம்மா போனால், "பிள்ளைகளை யார் பார்ப்பது?" அந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டிய இன்னொருவர்தான்.

நான் சலுகை கேட்கவில்லை. பிறந்த தேதியிலிருந்து எண்ணுவதை நிறுத்துங்கள். எழுதத் தொடங்கிய ஆண்டிலிருந்து எண்ணுங்கள். பிள்ளை வளர்த்த ஆண்டுகளை அதில் கழியுங்கள். குழந்தையோடு வருபவளுக்கு அறையும் பராமரிப்பும் கொடுங்கள். அதுவரை, உங்கள் விளம்பரத்தில் இருக்கும் 'இளம்' என்ற சொல்லுக்கு ஆண் என்றே நான் பொருள் எழுதுவேன். நான் சொற்பொருள் கற்பிப்பவள். இதில் எனக்கு உரிமை உண்டு.

அவளிடம் விண்ணப்பி என்றேன். "படிவமே ஏத்துக்காது அம்மா" என்றாள். அப்படியானால் கடிதம் எழுது என்றேன்: வயது 36, பணி ஆறாண்டு, நடுவில் ஏழாண்டு இரண்டு மனிதர்களை வளர்த்தேன், இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று கேள். அவள் எழுதிவிட்டாள். இதைப் படிக்கும் நீங்களும் எழுதுங்கள். ஒரு கடிதம் குப்பைக் கூடைக்குப் போகலாம். நூறு கடிதம் போக அந்தக் கூடையில் இடம் போதாது.