ஐந்து விரலும் ஒன்றா என்று கேட்பவர்களுக்கு

சாதியைப் பற்றியோ கூலியைப் பற்றியோ பேச்செடுத்தால் போதும், யாராவது ஒருவர் கையை விரித்துக் காட்டிவிடுவார்: "ஐந்து விரலும் ஒன்றாகவா இருக்கிறது?" மேல் கீழ் என்பது உலக இயற்கை, ஆதிகாலம் தொட்டு அப்படித்தான், எல்லாரும் பல்லக்கில் ஏறினால் தூக்குவது யார் என்று அடுக்கிக்கொண்டே போவார். இப்படிப் பேசுகிறவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. நன்றாகப் படித்தவர், அக்கம்பக்கத்தாருக்கு ஓடி ஓடி உதவுகிறவர்கூடச் சொல்வார். அடிபட்டவர்களே "நம்ம தலையெழுத்து" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அடித்தவனைவிட இந்த நம்பிக்கையின் மீது எனக்கு ஆத்திரம் அதிகம். அடித்தவன் போன பிறகும் இது வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

இயற்கைக்குக் காவல் தேவையில்லை. ஆறு பள்ளத்தை நோக்கி ஓடுவதற்கு யாரும் ஆள் வைத்து மிரட்டுவதில்லை. மனிதரில் மேல் கீழ் என்ற ஏற்பாடோ அடியாள் இல்லாமல், சுவர் இல்லாமல், பட்டினி இல்லாமல் ஒரு தலைமுறைகூட நின்றதில்லை.

கீழத்தஞ்சையைப் பாருங்கள். காவிரிப் பாசனத்தில் முப்போகம் கண்ட மண். நிலமெல்லாம் மிராசுதாரர்களிடமும் மடங்களிடமும் கோயில்களிடமும் இருந்தது. உழுது, நட்டு, அறுத்துக் களத்தில் சேர்த்த பண்ணையாட்களுக்கு, பெரும்பாலும் தலித்துகளுக்கு, நெல்லே கூலி. அந்த நெல்லை அளக்கும் மரக்காலிலும் மோசடி நடந்தது. கூலிக்கு அளக்க ஒரு சின்ன மரக்கால் இருந்தது. அதனால்தான் 1940-களில் அங்கே விவசாயிகள் சங்கம் கட்டப்பட்டபோது, அரசு முத்திரை குத்திய மரக்காலில் கூலி அளக்க வேண்டும் என்பது முக்கியக் கோரிக்கைகளில் ஒன்றாக இருந்தது. கூலியை உயர்த்துவது ஒரு பக்கம் இருக்கட்டும், கொடுப்பதாகச் சொன்னதையாவது ஒழுங்காக அளந்து கொடுங்கள் என்பதற்கே ஒரு போராட்டம் தேவைப்பட்டது. விரல்களின் நீளம் வேறு வேறாக இருப்பதற்கும் மரக்கால் வேறு வேறாக இருப்பதற்கும் என்ன சம்பந்தம்?

வேலைக்கு வரத் தாமதமானால் சாட்டையடி. எதிர்த்துப் பேசினால் மாட்டுச் சாணத்தைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றுவார்கள். சாணிப்பால் என்று அதற்குப் பெயர். ஒரு மனிதனை அவனுடைய "இயல்பான" இடத்தில் நிறுத்திவைக்க இத்தனை ஏற்பாடு வேண்டியிருந்தது. தன் இயல்பே அடிமைத்தனமாக இருப்பவனுக்குச் சாட்டை எதற்கு? அவன் நிமிர்ந்துவிடுவான் என்ற பயம் பண்ணையாருக்கு ஒவ்வொரு நாளும் இருந்தது. "இயற்கை" என்று ஊருக்குச் சொன்னவர் தாமே அதை நம்பவில்லை என்பதற்குச் சுவரில் தொங்கிய அந்தச் சாட்டையே சாட்சி. கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாசராவும் அவரோடு சேர்ந்தவர்களும் சேரி சேரியாகப் போய்ச் சங்கம் வைத்தார்கள். சாட்டையடியும் சாணிப்பாலும் ஒழிந்தன. 1952-இல் தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பண்ணையாட்களின் உடலோ அறிவோ இடையில் மாறிவிடவில்லை. கூடிப் பேசுகிற தைரியம் வந்தது, அவ்வளவுதான்.

அந்தத் தைரியத்துக்கு விலையும் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு, கூலி உயர்வு கேட்டுச் சங்கத்தின் செங்கொடியை இறக்க மறுத்த, அதே கீழத்தஞ்சையின் கீழ்வெண்மணியில், ஒரே குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த 44 பேர் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கீழ் நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களைச் சென்னை உயர் நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது. கார் வைத்திருக்கும் வசதியான பெரிய மனிதர்கள் தாங்களே நேரில் நடந்துபோய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பதும் அந்தத் தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. பெரிய மனிதர் என்றால் இன்னது செய்வார், இன்னது செய்யமாட்டார் என்ற ஐந்து விரல் தத்துவம் நீதிமன்றத்துக்குள்ளும் போய் உட்கார்ந்திருந்தது. படித்தவர்கள் வாயில் அது எவ்வளவு ஆபத்தானது என்று கேட்பவர்களுக்கு இதைவிட வேறு என்ன சொல்ல?

அது பழங்கதை என்பார்கள். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் ஊரையும் தலித் குடியிருப்பையும் பிரித்து நின்ற சுவர் பழங்காலத்தில் கட்டியதன்று. 1980-களின் கடைசியில் எழுந்தது. அதன்மேல் மின்கம்பி இழுத்திருந்தது வெளியே தெரிந்த பிறகு, 2008 மே மாதம் அரசு ஒரு பகுதியை இடித்துப் பாதை திறந்தது. ஒரு பாதை திறந்ததைத் தாங்காமல் சுவருக்கு ஊர்ப் பக்கம் இருந்த குடும்பங்கள் ஆடுமாடுகளோடு ஊரைவிட்டு வெளியேறி மலையடிவாரத்தில் போய் உட்கார்ந்தன. தானாக நிலைக்கிற ஒன்றுக்கு மின்கம்பி எதற்கு என்று அவர்களிடம் யாராவது கேட்டார்களா, தெரியவில்லை.

இந்த ஐந்து விரல் வாதத்துக்குத் தம்பி ஒருவன் இருக்கிறான்: திறமை வாதம். "உரிமை கொடுக்கலாம், ஆனால் அவர்களுக்கு நிர்வாகம் தெரியாதே." 1996-இல் அதே மதுரை மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. நிர்வாகம் தெரியுமா தெரியாதா என்று பார்க்க முதலில் நாற்காலியில் உட்கார விட வேண்டும் அல்லவா? விடவில்லை. வேட்புமனு போடவே ஆள் வரக்கூடாது என்று மிரட்டினார்கள். மீறித் தேர்தல் நடந்தால், ஜெயித்தவர் பதவியேற்ற கையோடு ராஜினாமாக் கடிதம் கொடுக்கவைக்கப்பட்டார். பத்து ஆண்டுகள் இந்தக் கூத்து நடந்தது. அதே மாவட்டத்தின் மேலவளவில் மிரட்டலுக்குப் பணியாமல் தலைவரான முருகேசன், 1997 ஜூன் 30 அன்று மதுரையிலிருந்து திரும்பும் வழியில், பேருந்தை மறித்து வெட்டிக் கொல்லப்பட்டார். அவரோடு இன்னும் ஐந்து பேர். திறமையில்லாதவர்மீது யாருக்கும் இத்தனை வெறி வராது. நன்றாக நடத்திக் காட்டிவிடுவாரோ என்பதுதான் அச்சம். 2006-இல் அரசும் மாவட்ட நிர்வாகமும் உறுதியாக நின்றபோது பாப்பாபட்டி முதலிய அந்த மூன்று ஊர்களிலும் தேர்தல் நடந்தது, தலைவர்கள் பதவியில் அமர்ந்தார்கள். அதனால் வானம் இடிந்து விழவில்லை.

சரி, வேறு மாதிரியான சமூகம் சாத்தியமா என்ற கேள்விக்கு வருவோம். "கேட்க நன்றாக இருக்கும், நடக்காது" என்பார்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டின் தீர்மானங்களை இவர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்க வேண்டும். பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும். சொத்தில் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான உரிமை வேண்டும். அன்றைக்குப் பட்டம் இல்லாத பெயர், ஆடை இல்லாத உடம்பு மாதிரி. பெண்ணுக்குச் சொத்து என்றால் குடும்பம் சிதறும் என்றார்கள். இன்று தமிழ்நாட்டில் ஒரு குழந்தைக்குப் பெயர் வைக்கும்போது சாதியைச் சேர்க்கும் எண்ணமே பெரும்பாலோருக்கு வருவதில்லை. வடக்கே வேலைக்குப் போய்ப் படிவத்தில் குடும்பப் பெயர் கேட்கும்போதுதான் நம் பிள்ளைகள் விழிக்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தரும் சட்டம் 1989-இல் இங்கே வந்தது, நாடு முழுவதற்கும் 2005-இல். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அறுபது ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டும் "நடக்காது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களின் பெயர்கள் யாருக்கும் நினைவில்லை.

சுயமரியாதைத் திருமணமும் அப்படித்தான். புரோகிதரும் மந்திரமும் இல்லாமல் மாலை மாற்றிக்கொண்டவர்கள் சட்டம் வரட்டும் என்று காத்திருக்கவில்லை. அத்தகைய திருமணம் ஒன்று செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகும் திருமணங்கள் நடந்துகொண்டே இருந்தன. பிறக்கும் பிள்ளைகளுக்கு வாரிசுரிமை கிடைக்காமல் போகலாம் என்று தெரிந்தே செய்துகொண்டார்கள். 1967-இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறிய திருத்தம், அதற்கு முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லுபடியாக்கியது. வேறொரு சமூகத்தைக் கற்பனை செய்வது என்றால் இதுதான். அது வரும்வரை காத்திருக்காமல் அதன் விதிப்படி இன்றே வாழத் தொடங்குவது.

பெயரில் சாதி போனதே தவிர மனதில் போனதா என்று கேட்கலாம். போகவில்லை. தென்மாவட்டப் பள்ளிகளில் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வருகிறார்கள். அதைத் தடை செய்யச் சொல்லி நீதியரசர் சந்துரு குழு 2024-இல் அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டியிருந்தது. பெயரிலிருந்து விரட்டியது மணிக்கட்டில் வந்து ஒட்டிக்கொண்டது. இதை வைத்து "பார்த்தாயா, மாறாது" என்பவர்கள், அந்தக் கயிற்றைக் குழந்தையின் கையில் கட்டியது யார் என்ற கேள்விக்கு முதலில் பதில் சொல்லட்டும். எந்தக் குழந்தையும் கயிற்றோடு பிறக்கவில்லை.

இன்னொரு எதிர்வாதம் கனமானது, தட்டிக்கழிக்க முடியாது. சமத்துவம் பேசி ஆட்சியைப் பிடித்தவர்கள் என்ன செய்தார்கள்? சோவியத்தில் ஸ்டாலின் காலத்துச் சிறை முகாம்கள் பொய்யா? பொய்யில்லை. அடித்தட்டு மக்களின் பெயரால் அதிகாரத்துக்கு வந்தவர்களும் அடித்தட்டு மக்களையே நசுக்கியிருக்கிறார்கள். அதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது, எந்த அதிகாரத்தையும், நமக்கு வேண்டியவரின் அதிகாரத்தையும், கேள்வி கேட்கும் உரிமை கடைசி ஆள்வரை இருக்க வேண்டும் என்பதுதான். அதையே காரணம் காட்டி மிராசுதாரரிடமே திரும்பிப் போகச் சொன்னால் ஏற்கமாட்டேன்.

மேல் கீழ் இயற்கை என்ற இந்த நம்பிக்கை இன்றைக்கும் உயிர் குடிக்கிற இடம் ஒன்று உண்டு. "யாராவது அந்த வேலையைச் செய்துதானே ஆக வேண்டும்" என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, அந்த வேலை. மனிதரைக் கழிவு அள்ள வைப்பதை 1993-இலும், இன்னும் விரிவாக 2013-இலும் சட்டம் போட்டுத் தடை செய்தாயிற்று. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014-இலும், 30 லட்சம் என்று 2023-இலும் உச்ச நீதிமன்றம் சொன்னது. இழப்பீடு ஏறியிருக்கிறது, இறங்குவது நிற்கவில்லை. அடுக்குமாடி வீட்டுத் தொட்டிக்குள் விஷவாயு தாக்கி விழுகிறவர் ஒப்பந்தக்காரர் அனுப்பிய ஆள், சம்பளப் பட்டியலில் பெயர்கூட இருக்காது. அவர் எந்தத் தெருவிலிருந்து வந்திருப்பார் என்று கேட்காமலே நமக்குத் தெரிகிறது. "யாராவது" என்று சொல்லும்போது நம் மனதில் நம் பிள்ளையின் முகம் வருவதே இல்லை.

உறிஞ்சி எடுக்கும் இயந்திரம் இருக்கிறது, அடைப்பை நீக்கும் ரோபோ கேரளத்தில் செய்து விற்கிறார்கள், தமிழ்நாட்டிலும் வாங்கியிருக்கிறார்கள். தடை செய்த வேலைக்குக் கூலி பேசி ஆளைக் கூப்பிடும் வீட்டுக்காரரையும் ஒப்பந்தக்காரரையும் தண்டிக்கச் சட்டத்தில் பிரிவு இருக்கிறது. உங்கள் குடியிருப்பில் அடுத்த முறை கழிவுநீர்த் தொட்டி நிரம்பும்போது சங்கச் செயலாளர் யாருக்குப் போன் செய்கிறார் என்று கேளுங்கள். இயந்திரத்துக்கு ஆகும் கூடுதல் பணத்தைப் பராமரிப்புக் கட்டணத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். கூட்டத்தில் யாராவது ஐந்து விரலைக் காட்டினால், அந்தத் தொட்டியின் மூடியைத் திறந்து காட்டி, இதற்குள் இறங்க உங்கள் வீட்டிலிருந்து யாரை அனுப்புவீர்கள் என்று கேளுங்கள்.