பூட்டு போட்ட போட்டோ!

கம்பம் பக்கம் வந்திருக்கீங்களா? உத்தமபாளையம் தாண்டினா எங்க ஊரு அனுமந்தன்பட்டி. இந்தப் பக்கம் விளையுற பன்னீர் திராட்சையை வாங்கிப் பாருங்க, மேல வெள்ளையா ஒரு பூச்சு இருக்கும். உடனே 'மருந்து'னு முகம் சுளிக்காதீங்க. திராட்சைத் தோல் தானே சுரக்கிற மெழுகும் அதுல இருக்கு. பழத்தோட ஈரம் சீக்கிரம் வத்தாம காப்பாத்துறது அதுதான்.

"கை பட்ட பழம் சீக்கிரம் சுருங்கிரும்"னு திராட்சை போட்டிருக்கிற எங்க சித்தப்பா அடிக்கடி சொல்வார். கை பட்டா மெழுகுக்கு என்ன ஆகுது? மினி புராஜெக்ட்டுக்கு நாங்க மூணு பேரும் இதையே எடுத்துக்கிட்டோம்.

அந்த மெழுகு பொடிப்பொடித் தகடுகளா இருக்கும். நம்ம லேப் மைக்ராஸ்கோப்புக்கு அது சிக்காது. ஒளியை வச்சுப் பார்த்தா சுமார் 200 நானோமீட்டருக்குக் கீழே எல்லாம் கலங்கல்தான். அதனால எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப். இதுல வெளிச்சத்துக்குப் பதிலா எலெக்ட்ரான் கற்றை, கண்ணாடி லென்ஸுக்குப் பதிலா காந்த லென்ஸ். காத்துல மோதினா கற்றை சிதறிடும். அதனால உள்ளே வெற்றிடம். சாம்பிளைக் காய வச்சு, மெல்லிசா தங்கம் பூசி உள்ளே வைக்கணும்.

வெளியூர் லேப் ஒண்ணுல காசு கட்டி 4 படம் எடுத்தோம். பென் டிரைவோட வீட்டுக்கு வந்து திறந்தா... பகீர்! படத்துல அளவுகோல் கோட்டையே காணோம். அது இல்லாம தகடோட அளவை எப்படிச் சொல்றது? ஒரிஜினல் ஃபைலைத் திறக்கலாம்னா, அது மெஷின் கம்பெனியோட சொந்த ஃபார்மட். அதைத் திறக்கிற சாஃப்ட்வேர் அந்த லேப் கம்ப்யூட்டர்ல மட்டும்தான். சாம்பிள் எங்களோடது, காசு எங்க அப்பாவோடது, சாவி மட்டும் வேற யார்கிட்டயோ! ரிவ்யூவுக்கு 3 நாள்தான் பாக்கி.

"ஃபிஜி போட்டுப் பாருங்கப்பா"ன்னாங்க சீனியர் அக்கா. தீவு இல்லீங்க, இலவச சாஃப்ட்வேர். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்துல வேய்ன் ராஸ்பேண்ட் உருவாக்கின 'இமேஜ்ஜே'யோட வாரிசு. அதுல 'பயோ-ஃபார்மட்ஸ்'னு ஒரு துணை புரோகிராம். வேற வேற கம்பெனி ஃபைல்களை எப்படிப் படிக்கணும்னு சிலர் பொறுமையா கண்டுபிடிச்சு, ஊருக்கே பொதுவா கொடுத்திருக்காங்க. எங்க ஃபைலும் திறந்துச்சு! ஒரு பிக்சல் எத்தனை நானோமீட்டர், எத்தனை வோல்ட்... எல்லாமே உள்ளே பத்திரமா இருந்துச்சு. கை படாத தோல்ல தகடுகள் நிமிர்ந்து நிக்குது, தேய்ச்ச இடத்துல நசுங்கி அப்பிக் கிடக்குது.

ஆனா யோசிங்க பாஸ். யாரும் இன்னும் உடைக்காத ஃபார்மட்டா இருந்திருந்தா? நாங்க அளந்தது சரியான்னு நாளைக்கு இன்னொருத்தர் சரிபார்க்கவே முடியாது. சரிபார்க்க முடியாதது எப்படி ஆராய்ச்சி ஆகும்?

ஃபைலை விடுங்க, மெஷினையே திறந்து வைக்கிறவங்களும் இருக்காங்க. கனடாவுல எட்மன்டன் ஆராய்ச்சியாளர்கள் 'நானோமி'ங்கிற எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்போட டிசைன், சாஃப்ட்வேர் எல்லாத்தையும் பொதுவுல வச்சு, 2022-ல் ஆய்வுக் கட்டுரையும் போட்டாங்க. நம்மால ஆகுமான்னு கேட்காதீங்க. 1940-கள்லயே கல்கத்தாவுல என்.என்.தாஸ்குப்தா குழு சொந்தமா ஒரு எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப் கட்டிடுச்சு. 1931-ல் பெர்லின்ல மாக்ஸ் நோல்கூட சேர்ந்து முதல் கருவியை உருவாக்கின எர்ன்ஸ்ட் ருஸ்காவுக்கு அப்போ வயசு 24, நம்மள மாதிரி இன்ஜினீயரிங் பார்ட்டி! 1986-ல் நோபல் வாங்கினார்.

உங்க புராஜெக்ட்டுக்கு எந்தக் கருவி எங்கே இருக்குன்னு தேட, 2020-ல் மத்திய அரசு தொடங்கின 'ஐ-ஸ்டெம்' தளத்தைப் பாருங்க. லேப்ல காசு கட்டுறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க: ஒரிஜினல் ஃபைல் கிடைக்குமா? அளவு விவரம் அதோட வருமா? டிஃப் மாதிரி எல்லாரும் திறக்கிற ஃபார்மட்லயும் தருவீங்களா? கூச்சமே வேண்டாம்.

படத்தைச் சித்தப்பாகிட்ட காட்டினேன். கண்ணாடியை ஏத்திவிட்டுப் பார்த்துட்டு, "இதைத்தானப்பா நான் அப்பவே சொன்னேன்... காம்பைப் பிடிச்சுத் தூக்குன்னு!" என்றார்.

அடுத்த வாரம் மீட் பண்ணுவோம்!