எழுந்து நிற்கவும் விதி வேண்டும்

திருப்புறம், பாறசாலைப் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குக் காலையில் பஸ் இருக்கை, பகலெல்லாம் அலுவலக நாற்காலி, மாலையில் மறுபடி பஸ் இருக்கை. அந்த பஸ்ஸின் ஓட்டுநர் ஷிப்ட் முழுக்க உட்கார்ந்தே இருக்கிறார். நடத்துநரோ கூட்டத்துக்குள் முன்னும் பின்னும் நடந்தபடி இருக்கிறார். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் ஆராய்ந்தது இந்த வித்தியாசத்தைத்தான். மாடி பஸ்ஸில் படியேறி இறங்கிய நடத்துநர்களைவிட ஓட்டுநர்களுக்கே இதயநோய் அதிகம் என்று 1953-இல் 'லான்செட்' மருத்துவ இதழில் எழுதினார். ஓட்டுநர்களின் சீருடை இடுப்பளவு இளவயதிலேயே பெரிதாக இருந்ததையும் அவரே பின்னர் எடுத்துக்காட்டினார். ஆகவே முழுப் பழியையும் இருக்கையின் மேல் போட முடியாது. ஆனாலும் அது தப்பித்துவிடவும் முடியாது.

தொடையும் கெண்டைக்காலும் அசையாமல் கிடந்தால், சாப்பாட்டில் சேர்ந்த சர்க்கரையை ரத்தத்திலிருந்து தசைகள் சரிவர எடுத்துக்கொள்வதில்லை. பெரியவர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கும் கேரளத்தில் இது சின்ன விஷயமில்லை.

பக்கத்துப் பாலராமபுரத்தின் குழித்தறி நெசவாளியும் உட்கார்ந்துதான் வேலை செய்கிறார். முதுகுவலி அவரை விடுவதில்லை. ஆனால் குழிக்குள் அவர் கால்கள் மிதிகளை மாற்றி மாற்றி அழுத்திக்கொண்டே இருக்கின்றன. கணினி முன் இருப்பவருக்கு அசைவது விரல் மட்டும்தான்.

மாலையில் நடந்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். பத்து லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் தரவுகளைத் தொகுத்த 2016 ஆய்வின்படி, நாளெல்லாம் உட்காரும் கேட்டை ஈடுகட்ட தினமும் 60 முதல் 75 நிமிடம் வேகநடை போன்ற உழைப்பு வேண்டும். இருட்டிய பின் வீடு சேர்ந்து நேரே அடுப்படிக்குள் நுழையும் பெண்ணிடம் இதை எப்படிச் சொல்வது? 20 நிமிடத்துக்கு ஒருமுறை 2 நிமிடம் நடந்தாலே சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை குறைவதை 2012-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. அந்த 2 நிமிடம் வேலை நேரத்துக்குள்தான் கிடைக்க வேண்டும். வரிசை நீளும்போது கவுண்டரை விட்டு எழுந்தால் முகம் சுளிக்கிறார்கள். அதற்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு.

துணிக்கடைப் பெண்கள் நாள் முழுக்க நின்றே தீர வேண்டியிருந்த மாநிலம் இது. கோழிக்கோட்டில் பி. விஜி போன்றோர் நடத்திய போராட்டத்தால், 2018-இல் கேரளம் சட்டத்தைத் திருத்தி அவர்களுக்கு இருக்கையை உறுதிசெய்தது; 2021-இல் தமிழ்நாடும் செய்தது. உட்கார வழிசெய்த அரசு, எழுந்து நடக்கவும் பணிவிதியில் இடம் தர வேண்டும். நெய்யாற்றின்கரை தாலுகா அலுவலகம் போன்ற தன் சொந்தக் கவுண்டர்களிலேயே, மாற்று ஆள் வைத்து, இதைத் தொடங்கலாம்.