பட்டாசுக்கு நேரம் போல் இடமும் வரையறுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகள்,
மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு பகுதிகள், சென்னை.

பெறுநர்:
1. ஆணையர், பெருநகர சென்னை மாநகராட்சி
2. காவல் ஆணையர், சென்னை பெருநகரக் காவல்
3. தலைவர், தமிழ்நாடு மாசு கட்டுப்பாடு வாரியம்

பொருள்: தீபாவளிப் பட்டாசு – வார்டுதோறும் பொது இடம் ஒதுக்குதல், அமைதி மண்டல எல்லை குறித்தல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

தீபாவளிப் பட்டாசுக்கு இரவு 8 முதல் 10 மணி வரை என 23.10.2018 அன்று உச்ச நீதிமன்றம் நேரம் விதித்தது. விடியற்காலையில் வெடிப்பதே இங்குள்ள வழக்கம் எனத் தமிழ்நாடு அரசு முறையிட்டதன்பேரில், இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் வேளையை மாற்றிக்கொள்ள 30.10.2018 அன்று அனுமதித்தது. அதன்படி காலை 6–7, இரவு 7–8 என்பது நடைமுறைக்கு வந்தது. நேரம் தெளிவாக இருக்கிறது. இடம் தெளிவாக இல்லை.

பண்டிகைக் கொண்டாட்டத்தையோ சிவகாசித் தொழிலாளர் பிழைப்பையோ நாங்கள் எதிர்க்கவில்லை. எங்கள் தெருக்களின் நிலையைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறோம். மயிலாப்பூர் மாட வீதிகளை ஒட்டிய சந்துகளில் இருபுறமும் அடுக்குமாடி வீடுகள், நெடுக இருசக்கர வாகனங்கள், நடுவே மின்வாரியப் பெட்டி. ராக்கெட் சாய்ந்தால் மாடியில் உலரும் துணியில்தான் விழும். வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தொலைவில் 125 டெசிபல் வரை விதி அனுமதிக்கிறது. சந்துகளில் அந்த 4 மீட்டருக்குள்ளேயே முதியோரும் கைக்குழந்தைகளும் படுத்திருக்கும் அறைகள் வந்துவிடுகின்றன.

ஒலி மாசு விதிகள், 2000-இன்படி மருத்துவமனை, கல்விக்கூடம், நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் பரப்பை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம். அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைச் சுற்றிய தெருக்களில் குடியிருப்பவருக்கு அந்த மண்டலம் எங்கே முடிகிறது என்பது தெரிய வேண்டும்.

உள்ளாட்சியின் முன் அனுமதியுடன், நலச் சங்கங்கள் வழியாகத் திறந்தவெளியில் கூட்டாக வெடிக்க முயலுமாறு மாசு கட்டுப்பாடு வாரியம் தன் தீபாவளி வேண்டுகோளில் கேட்டுக்கொள்கிறது. நாங்கள் தயார். எந்தத் திடல், யாரிடம் அனுமதி, தீத்தடுப்புக்கு யார் பொறுப்பு என்பவற்றைத் தாங்கள்தான் அறிவிக்க வேண்டும்.

எனவே நாங்கள் கோருவன:

1. வார்டுக்கு ஒரு திறந்தவெளியையேனும் தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே அறிவிக்க வேண்டும். தியாகராய நகர் சோமசுந்தரம் மைதானம் போன்ற திடல்களைப் பரிசீலிக்கலாம். அடையாறு முகத்துவாரம், கிண்டி தேசியப் பூங்கா ஓரங்கள், குடிசைப் பகுதிகள் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும்.

2. மண்டல அலுவலகத்திலேயே ஒரே விண்ணப்பத்தில் கட்டணமின்றி அனுமதி வழங்க வேண்டும். அதன் நகல் காவல் நிலையத்துக்கும் தீயணைப்பு நிலையத்துக்கும் செல்ல வேண்டும்.

3. அமைதி மண்டலத் தொடக்கத்திலும் முடிவிலும் தமிழில் பலகை வைக்க வேண்டும்.

4. உச்ச நீதிமன்றம் தடைசெய்த சரவெடியை விற்பனை இடத்திலேயே தடுக்க வேண்டும். கடையில் விற்கவிட்டுத் தெருவில் சிறுவர்மீது நடவடிக்கை எடுப்பது முறையாகாது.

5. வாரியம் தீபாவளியையொட்டி எடுக்கும் ஒலி அளவீட்டை மருத்துவமனை வாசல்களிலும் எடுத்து வெளியிட வேண்டும்.

6. மறுநாள் பட்டாசுக் குப்பையைத் தனியே அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்குக் கையுறை, முகக்கவசம், கூடுதல் ஊதியம் வழங்க வேண்டும். வெடிக்காத மருந்து அந்தக் குப்பையில்தான் கிடக்கிறது.

ஒதுக்கப்படும் திடல்களில் தன்னார்வலர்களை நிறுத்துவதும், மணல், தண்ணீர் வாளிகள் வைப்பதும், நேரம் முடிந்ததும் திடலைக் காலிசெய்து தருவதும் எங்கள் பொறுப்பு.

வரும் தீபாவளிக்கு முன்பே ஆய்வுக் கூட்டம் நடத்தி, எங்களையும் அழைத்து, உரிய ஆணை பிறப்பிக்க ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இடம்: சென்னை

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சங்க நிர்வாகிகள், உறுப்பினர்கள்