சிக்னல் இல்லாத மலைக்கு 5 வொட் போதும்

 

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் அடித்த நாட்களை நாங்கள் மறக்க மாட்டோம். ஸ்பிரிங்வெளியில் கையில் போன் இருந்தது, சிக்னல் இல்லை. கரண்டும் இல்லை. பக்கத்து டிவிஷனில் மண் சரிந்ததா, ஆட்கள் தப்பினார்களா என்று கேட்க வழியில்லை. வெளிநாட்டில் இருந்த எங்கள் பிள்ளைகள் ஒரு செய்திக்காகத் துடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதே சனி, ஞாயிறில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் மோர்ஸ் குறியீட்டில் தொடர்புகொண்டிருந்தார்கள் என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. சீ.கியூ. வேர்ல்ட் வைட் என்ற அமெச்சூர் வானொலிப் போட்டியின் மோர்ஸ் சுற்று அது. வருடந்தோறும் நவம்பரின் கடைசி முழு வார இறுதியில் 48 மணித்தியாலம் நடக்கும். எங்கள் நேரப்படி சனி காலை 5.30க்கு ஆரம்பம். சுபஹ் தொழுதுவிட்டு உட்காரலாம்.

அதில் குறைந்த வலுவுக்கென்று ஒரு பிரிவு உண்டு. 5 வொட்டுக்கு மேல் அனுப்பக்கூடாது. ஒரு சின்ன எல்.ஈ.டி. பல்புக்குப் போகும் வலுதான். மோட்டார் சைக்கிள் பெற்றரியே போதும். குரலை அனுப்ப ஏறக்குறைய 2,500 ஹேர்ட்ஸ் அகலம் வேண்டும், மோர்ஸுக்கு 150 அளவு போதும். இருக்கிற வலு முழுவதும் அந்த ஒடுக்கமான இடத்தில் சேர்வதால், இரைச்சலுக்குள்ளும் காது அதைப் பிடித்துக்கொள்ளும். அலை அயன மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் இடையில் டவர் தேவையில்லை. பகலில் 7 மெகாஹேர்ட்ஸில், 20 மீற்றர் கம்பியைத் தாழ்வாகக் கட்டினால் அலை மேலே போய்ச் சுற்றுவட்டாரத்திலேயே இறங்கும். நமுனுகுல மலை குறுக்கே நின்றாலும் தடையில்லை.

போட்டியில் பரிமாறுவது கொஞ்சம்தான்: அழைப்புக் குறி, 599 என்ற சிக்னல் மதிப்பு, வலய எண். இலங்கைக்கு 22. ஆனால் இரைச்சலில் சரியாகக் கேட்டு, பிழையில்லாமல் எழுதி, சந்தேகம் வந்தால் திருப்பிக் கேட்டு, அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். அனர்த்த நாளில் தேவைப்படுவதும் இதே பழக்கம்தான். அதனால்தான் இதை வெறும் விளையாட்டு என்று நாங்கள் நினைக்கவில்லை.

"வட்ஸ்அப் காலத்தில் தந்தியா?" என்று சிலர் கேட்கிறார்கள். அமெச்சூர் லைசன்ஸுக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற சர்வதேச விதி 2003இல் நீங்கியது உண்மை. கட்டாயம் போனது, பயன் போகவில்லை. 2004 சுனாமியில் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலையில் தொடர்பு ஏற்படுத்தியவர்கள் விக்டர் குணதிலக தலைமையிலான அமெச்சூர் வானொலியாளர்கள். 2014 ஒக்டோபர் 29 மீரியபெத்தையையும், இப்போது டித்வாவையும் பார்த்துவிட்டோம். இனியும் டவரை மட்டும் நம்பியிருப்பது சரியா?

ஊவாவின் தோட்டப் பாடசாலைகளும் முஸ்லிம் பாடசாலைகளும் சேர்ந்து ஒரு வானொலிக் கழகம் தொடங்க வேண்டும் என்பது எங்கள் கருத்து. விஞ்ஞானப் பாடத்தில் மின்காந்த அலையைப் படமாக மட்டுமே பார்க்கும் பிள்ளைகள் அதைக் காதால் கேட்கட்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் லைசன்ஸ் இல்லாமல் ஒலிபரப்புவது குற்றம். ஆகவே முதலில் ஆசிரியர்களாகிய நாங்கள் பரீட்சை எழுதி எடுப்போம். அதுவரை பிள்ளைகள் டோர்ச் வெளிச்சத்திலும் பஸரிலும் பழகலாம்.

அடுத்த நவம்பர் போட்டியில் இந்த மலையிலிருந்தும் ஒரு 22 போக வேண்டும், இன்ஷா அல்லாஹ். பதுளைப் பக்கம் லைசன்ஸ் உள்ளவர்கள் யாராவது இருந்தால் கமென்டில் சொல்லுங்கள். பழைய மாணவர்களே, ஒரு பழைய ரிசீவர் கிடைத்தாலும் போதும்.