சூதாட்ட அடிமைத்தனமும் நோயே

பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் மசோதாவை, அறிமுகமான நாளிலேயே, 2025 ஆகஸ்ட் 20-ஆம் தேதி அமளிக்கிடையே நிறைவேற்றியது மக்களவை. மறுநாள் மாநிலங்களவையும் ஒப்புதல் அளித்தது. இவ்விளையாட்டுகள் மக்களை அடிமைப்படுத்துகின்றன என்பது அரசு கூறிய காரணங்களுள் ஒன்று. நடத்துவோருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடுவோருக்குத் தண்டனை இல்லை, அவர்கள் பாதிக்கப்பட்டவர்களாம். நல்லது. அப்படியானால் அவர்களுக்குச் சிகிச்சை எங்கே?

2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோய் எது என்று வரையறுக்கும்போது மது, போதைப் பொருள்களால் விளையும் மனநிலைக் கேடுகளைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. சூதாட்டம் அங்கே இல்லை. வரையறையின் பொதுவான பகுதிக்குள் அதுவும் அடங்கும் என்று வழக்கறிஞர்கள் வாதிடலாம். ஆனால் உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரவேண்டும் என்பதும் இதே சட்டம்தான். காப்பீட்டு நிறுவனத்தின் வாசலில் நிற்கும் குடும்பத்துக்கு வாதம் போதாது. சட்டத்தில் சொல் இருக்க வேண்டும்.

உடலுக்குள் எதுவும் செல்லாதபோது அடிமைத்தனம் எப்படி வரும் என்று கேட்போர் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கமும் நெடுங்காலம் சூதாட்ட வெறியைத் தனியாகத்தான் வைத்திருந்தது. 2013-இல் அதை மது, போதை நோய்களின் அத்தியாயத்துக்கு மாற்றியது. பார்க்கின்சன் நோயாளிகளின் அனுபவம் இதைவிடத் தெளிவானது. மூளையில் டோபமைனின் வேலையைச் செய்யும் சில மருந்துகளை உட்கொண்டவர்களில் சிலர், அதுவரை சூதாடியே அறியாதவர்கள், திடீரென அதில் மூழ்கினர். மருந்தைக் குறைத்ததும் பலருக்கு அந்த வேட்கை தணிந்தது. இதை ஒழுக்கக்கேடு என்று எப்படிச் சொல்வது?

ஆயினும் விட முடியாத பழக்கம் எல்லாமே அடிமைத்தனம் ஆகிவிடாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய்ப் பட்டியலில் சூதாட்டத்தோடு கணினி விளையாட்டையும் சேர்த்தது. கட்டுக்கடங்காத பாலியல் நடத்தையை வேறு பிரிவில்தான் வைத்தது. கட்டுப்பாடு இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டமே முதன்மையாதல், கேடு நேர்ந்தும் தொடர்தல், இவை பொதுவாக ஓராண்டேனும் நீடித்தல் என்பது அதன் அளவுகோல். பிள்ளை கைபேசியைக் கீழே வைக்க மறுப்பது எரிச்சலூட்டும். அதனாலேயே அது நோயாகிவிடாது.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2014-இலும், டெல்லி எய்ம்ஸ் 2016-இலும் இத்தகையோருக்கெனச் சிறப்புப் பிரிவுகளைத் தொடங்கின. சிற்றூரில் கடனாளியாகி நிற்பவருக்கு இரண்டுமே தொலைவு. மத்திய அரசின் நிதியில் நடக்கும் மறுவாழ்வு மையங்களோ மது, போதைப் பொருளுக்கு ஆட்பட்டோரை மனத்தில் கொண்டு அமைந்தவை. அவற்றின் பணியில் சூதாட்டத்தையும் சேர்க்கலாம். இதே ஆட்டங்களின் பந்தயப் பணத்தின் மீது 2023 அக்டோபர் முதல் 28 சதவீத வரி விதித்தது அரசு என்பதால், நிதி இல்லை என்று அது கூறுவதும் எளிதல்ல. மனநலச் சட்டத்தின் வரையறையைத் திருத்தச் சில சொற்கள் போதும். தடைக்காக ஒரே நாளில் மசோதாவை நிறைவேற்றிய மக்களவைக்கு இதற்கு எத்தனை நாள் தேவைப்படும்?